பெரியம்மாவின் பிரேக்குக்கு ஒன்பது மார்க்

மார்ச் 3, செவ்வாய்

ஈரத் தடத்தில் பதினான்கு சுற்று. காலையிலேயே லாரி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தது. பெரியம்மாவை முதல் சுற்றிலிருந்தே விரட்டினேன். மகராசிக்கு மூச்சு வாங்கவே இல்லை.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், சொந்தக்காரியைத் தண்ணீரில் ஓட ஓட விரட்டிய பாவி என்று என்னை நினைப்பார்கள். பெரியம்மா என்பது வண்டி. இரண்டரை டன். உள்ளே தோல் இருக்கை. கதவைச் சாத்தினால் உலகமே வாயை மூடிக்கொள்ளும். இன்னும் கடைக்கு வராததால் பெயர் கிடையாது, ஒரு நம்பர்தான். பார்த்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள் போலிருக்கும். எழுந்துவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. பட்டறையில் எல்லாருக்கும் அப்படி ஒரு பெரியம்மா உண்டு போல, பெயர் ஒட்டிக்கொண்டது.

நாலாவது வளைவில் தண்ணீர் தேங்கும். அங்கே தொண்ணூறில் நுழைந்தேன். டயர் பிடி விடுவதற்கு முன்னாலேயே ஸ்டீயரிங் விரல்களில் மயிரிழை அளவு லேசானது. 'வழுக்கப் போறேன், பார்த்துக்கோ' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்! இவ்வளவு கனமான வண்டிகள் வழுக்கிய பிறகுதான் சொல்லும். சில அப்போதும் சொல்லாது. நான் ஒரு விரல் அளவு திருப்பியதும் அடங்கி, வளைவைவிட்டு ஒழுங்காக வெளியே வந்தாள். நேராகும்போது ஸ்டீயரிங் தானாகவே கைக்குள் வந்து நின்றது. தேடவில்லை, தள்ளாடவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தாய்?

ஸ்டீயரிங்குக்கு ஒன்பது. பன்னிரண்டு வருடத்தில் நான் ஒன்பது போட்டது இது மூன்றாவது முறை.

மார்ச் 5, வியாழன்

என் வேலையை அம்மாவுக்கு இன்றுவரை விளக்க முடியவில்லை. "ஓட்டிப் பார்த்து மார்க் போடுறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று இன்றும் போனில் கேட்டாள். ஆமாம் அம்மா. எத்தனை நொடியில் நூறைத் தொடுகிறது, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை மெஷின் அளந்துவிடும். மிதிக்கிற காலுக்கும் பிடிக்கிற கைக்கும் அது எப்படி இருக்கிறது என்பதை அளக்க மெஷின் கிடையாது. அதற்குத்தான் உன் மகள்.

இன்று ஆக்ஸிலரேட்டர். என்ன சொல்ல! சாதாரண மோடில் நல்ல வளர்ப்பு உள்ள ஆள் மாதிரி, நாம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்கிறாள். முதல் அரை அங்குலத்தில் அவசரமே இல்லை. ஸ்போர்ட்டுக்கு மாற்றினால் அதே கால், அதே அரை அங்குலம், ஆனால் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொண்டு கிளம்பிவிடுகிறாள். காலை எடுத்தாலும் பொத்தென்று விழுவதில்லை, படியில் இறங்குகிற மாதிரி இறங்குகிறாள். எட்டரை போட்டேன். ஒன்பது போட்டிருக்கலாமோ?

பிரேக்குக்கு ஒன்பது.

பிரேக் எங்கள் சுண்டெலியின் பிள்ளை. சுண்டெலி என்றால் எங்கள் பிரேக் இன்ஜினியர். ஐந்தடிக்கும் குறைவு, எந்நேரமும் பின்சீட்டில் லேப்டாப்பும் ஒயருமாகச் சுருண்டு கிடப்பான். இந்த வண்டியில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கம்ப்யூட்டர்தான். நாம் மிதிப்பதைக் கேட்டு அதுதான் பிடிக்கிறது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று எட்டு மாதமாக எழுதி எழுதி அழிக்கிறான். விற்பனைக்காரர்கள் 'தொட்டதும் பிடிக்கணும்' என்று கேட்டதால் ஆறு வாரமாக வாரத்துக்கு ஒரு பொட்டு கூட்டிக்கொண்டே வருகிறான். எனக்கு எந்த வாரமும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு நைசாகக் கூட்டியிருக்கிறான், கெட்டிக்காரன். ஒன்பது என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான்.

25ஆம் தேதி கையெழுத்து. அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது, வண்டி தொழிற்சாலைக்குப் போய்விடும். அடுத்த வண்டிக்குத் தலைமைச் சோதனையாளர் பதவியைப் பற்றி இந்த மாதக் கடைசியில் பேசலாம் என்று எங்கள் பிரிவுத் தலைவி மேடம் சொன்னார். மேடம் அப்படிச் சொன்னால் கொடுத்த மாதிரிதான்.

பட்டறையின் பழைய கார் வெள்ளை இன்னும் பேட்டரி செத்துக் கிடக்கிறது. யாராவது பார்க்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

மானம் போயிற்று.

காய்கறி வாங்கிவிட்டு நம்ம சின்ன வண்டியில் வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது எதிர்வீட்டு டீச்சரின் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டேன். நடக்கிற வேகத்தில்தான் வந்தேன். பிரேக்கும் போட்டேன். வண்டி நிற்கவில்லை. கண்ணாடி உடைந்தது, டீச்சர் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் மகள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓடுற வண்டியை இடிச்சா விபத்து. நின்னுக்கிட்டிருந்த ஸ்கூட்டரை இடிச்சா அதுக்கு என்னம்மா பேரு? வண்டி ஓட்டித்தான் சம்பளம் வாங்குறே!"

"பிரேக் பிடிக்கலைங்க. உங்க கஞ்சத்தனத்துக்கு வண்டியை சர்வீஸ் விட்டு எத்தனை நாளாச்சு?" என்றேன். சரியான அடி.

மார்ச் 9, திங்கள்

டீச்சருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தாயிற்று. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது சிக்னலில் முன்வண்டிக்கும் எனக்கும் ஒரு ஜாண் இடைவெளி. கடைசியில் ஓங்கி மிதித்துத்தான் நின்றது. "ம்மா, பஸ்லயே வந்திருப்பேன்," என்றாள்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விட வேண்டும். இந்தக் கேடுகெட்ட பிரேக்கை வைத்துக்கொண்டு இனி ஒரு நாள்கூட ஓட்ட மாட்டேன். நாளெல்லாம் பெரியம்மாவை ஓட்டிவிட்டு இதில் ஏறினால் குப்பை வண்டியில் ஏறிய மாதிரி இருக்கிறது.

மார்ச் 14, சனி

தெருமுனை மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். பட்டுத்துணியை மடித்து வைக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினான்.

"பிரேக்குல ஒண்ணுமே இல்லக்கா. புதுசு மாதிரி இருக்கு."

"அப்ப எனக்கு ஏன் நிக்கல?"

"நீங்க ஒரு தடவை ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

ஓட்டினேன். தெருக்கோடிவரை என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பிரேக்கை மிதிக்கவே இல்ல. தடவுறீங்க."

தடவுகிறேனா? யாரு, நானா? பன்னிரண்டு வருஷமா இந்தக் காலை வெச்சுத்தான்டா சோறு திங்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. கூலியை வாங்க மாட்டேன் என்றான், திணித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று ஆரம்பித்தார். முறைத்தேன். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

தூக்கமே சரியில்லை. தடவுறீங்க, தடவுறீங்க என்று காதில் ஒரே ரீங்காரம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி கொடுப்பார்கள். எடை பார்க்கும் மெஷினைச் சுவரோடு சாய்த்து வைத்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காலால் சரியாக நாலு கிலோ அழுத்த வேண்டும். சாதாரண வண்டி ஊருக்குள் பதமாக நிற்க அவ்வளவு போதும். நான் அதில் புலி. எழுப்பிவிட்டுக் கேட்டாலும் நாலு அழுத்துவேன்.

குளியலறையிலிருந்து மெஷினை எடுத்துவந்து மகளைக் கூப்பிட்டேன். "நான் நாலு கிலோ அழுத்துறேன். என்ன காட்டுதுன்னு படி."

"ரெண்டரை."

"சரியாப் பாரு."

"ரெண்டு புள்ளி அஞ்சு ம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பாக்கிறேன்."

பத்துத் தடவை செய்தேன். ஒரு தடவைகூட மூன்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் என் கால் எனக்கு நாலு என்றே சத்தியம் செய்தது.

என்ன ஆச்சு என் காலுக்கு? நரம்பா? வயசா? நாற்பத்து நாலெல்லாம் ஒரு வயசா?

மார்ச் 16, திங்கள்

நரம்பும் இல்லை, வயசும் இல்லை.

காலையில் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போய், எங்களை ஏற்றி இறக்கும் வேன் அண்ணனைக் கெஞ்சி அவருடைய வேனிலிருந்து ஒயர் கொடுத்து வெள்ளையைக் கிளப்பினேன். வெள்ளை எங்கள் பழைய சின்ன கார். அதில் ஒன்றும் விசேஷம் கிடையாது, அதுதான் அதன் விசேஷம். சோதனை வண்டியில் ஏறும் முன் தினமும் வெள்ளையில் இரண்டு சுற்று ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் ஓட்டிய வண்டியின் பழக்கம் காலிலிருந்து போக வேண்டும். 'கால் அலசுவது' என்போம். பரிமாறுகிறவள் ஒரு குழம்பில் விட்ட கரண்டியை அலசாமல் இன்னொன்றில் விடுவாளா? அந்த வழக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். ஜனவரியில் பேட்டரி போனது. அவசரம் அவசரம் என்று ஓட்டிப் பார்க்கிற ஐந்து பேரும் அலசாமலே ஏறினோம், ஏழு வாரம்!

இன்று இரண்டு போதாது என்று இருபது சுற்று ஓட்டினேன். பிறகு பெரியம்மாவில் ஏறி, பட்டறை வாசலில் வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டேன்.

தலை முன்னால் போய் வந்தது. பின்சீட்டில் சுண்டெலியின் லேப்டாப் சறுக்கிக் கீழே விழுந்தது.

தொட்டதும் கவ்வுகிறாள். மெதுவாகப் போகும்போது, அந்த முதல் தொடுதலில். வாரம் ஒரு பொட்டாக அவன் கூட்டினான், வாரம் ஒரு பொட்டாக என் கால் குறைத்துக்கொண்டது. எனக்கே சொல்லாமல்! குறை அவளிடம் வளர்ந்தது, சமாளிப்பு என் காலில் வளர்ந்தது, இரண்டையும் கூட்டி ஒன்பது போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு வண்டியில் அந்தப் பழகிய கால் தடவியது, அது எப்படி நிற்கும்?

இதைவிடப் பயங்கரம், ஒரு மணி நேரம் ஓட்டியதும் கவ்வல் காணாமல் போய்விட்டது. கால் மறுபடியும் பழகிவிட்டது. முதல் பத்து நிமிஷம்தான் உண்மை. அதற்குப் பிறகு பொய்.

நான்தான். நான்தான் கெடுத்திருக்கேன். வேற யாரைச் சொல்ல?

மார்ச் 17, செவ்வாய்

சுண்டெலியிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு கிராஃபைத் திறந்து காட்டினான். "பாரு, தண்ணி மாதிரி ஓடுது. எங்க கவ்வுது? எங்கன்னு காட்டு."

"அந்தக் கிராஃப் வரையறப்ப ஓட்டினது யாரு? நாங்க. தடவித் தடவி ஓட்டினா தண்ணி மாதிரிதான் வரும். அது வண்டியோட கோடு இல்லடா, எங்க காலோட கோடு."

"மத்த நாலு பேரும் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க?"

"அஞ்சு பேரும் ஒரே பள்ளத்துல விழுந்திருக்கோம்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டான்: "ஒன்பது போட்டது யாரு? நீ. கையெழுத்து யாரோடது? உன்னோடது. எட்டு மாச உழைப்பு. இப்ப ஒரு வாரம் இருக்கிறப்ப வந்து கால் தப்புன்னா, நாளைக்கு உன் எந்த மார்க்கை நான் நம்புறது?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை.

மார்ச் 18, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொன்னால் பதவி போகும். சுண்டெலி முகத்தில் விழிக்க முடியாது. கையெழுத்து தள்ளிப்போகும், எல்லார் வாயிலும் விழுவேன். சொல்லாவிட்டால்? ஆபத்தான வண்டி இல்லை. வாங்குகிறவர்களும் என்னை மாதிரிப் பழகிக்கொள்வார்கள்.

இவர் கடைக் கணக்கு நோட்டை மூடி வைத்தார். அப்புறம், "பழகிட்டு, அவங்க வீட்டுல இருக்கிற இன்னொரு வண்டியை எடுப்பாங்க இல்ல? அங்க நின்னுக்கிட்டிருக்கிறது ஸ்கூட்டராவே இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார்.

இந்த மனுஷன் எப்போதாவதுதான் விளையாட்டில்லாமல் பேசுவார். பேசினால் இப்படி.

நாளைக்கு மேடத்திடம்.

மார்ச் 19, வியாழன்

எழுதிவிட வேண்டும், ஒன்றுவிடாமல்.

மேடம் நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். கையில் டீ. "உனக்குத் தெரியுது, கருவிக்குத் தெரியல, மத்த யாருக்கும் தெரியல. எதை வெச்சு நம்பச் சொல்றே?"

"பழகாத கால் ஒண்ணு வேணும் மேடம்."

"எங்க போறது? வெளியாளை ஏத்த முடியாது. உள்ள ஓட்ட அனுமதி உள்ளவங்க எல்லாரும் ஏற்கெனவே ஓட்டியாச்சு."

அப்போது ஜன்னலுக்கு வெளியே வேன் அண்ணன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து தடத்துக்கு என்று பத்தொன்பது வருடமாக எங்களைச் சுமக்கிற மனிதர். உள்ளே ஓட்ட அனுமதி உண்டு. பெரியம்மாவைத் தொட்டதுகூட இல்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"நானா? இதுலயா?" என்று வேன் அண்ணன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் எதையும் சொல்லக் கூடாது என்று மேடம் உத்தரவு. சும்மா வேன் மாதிரி ஓட்டுங்கள், அவ்வளவுதான். மேடம் அவர் பக்கத்தில், டீயோடு. பின்னால் நானும் சுண்டெலியும், நடுவில் ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு.

கிளம்பியதே அழகாகத்தான் இருந்தது. ஆக்ஸிலரேட்டர் அவர் காலை முதல் நொடியிலேயே புரிந்துகொண்டது. முதல் வளைவில் அவர் புருவம் உயர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் பெற்ற பிள்ளை மாதிரி. அப்புறம் வேகத்தடை வந்தது. பிரேக்கைத் தொட்டார்.

நாலு தலையும் ஒன்றாக 'ஆமாம்' போட்டன. டீ மேடத்தின் வெள்ளைச் சட்டையில்.

மேடம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டே, "அண்ணே, எப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?" என்றார்.

வேன் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பன்னிரண்டு வருடமாகப் பார்த்த சாது மனிதர் இல்லை அவர் அப்போது. "மேடம், காலையில நாலு நடையா என் வேன்ல நாப்பது பேர் டீக் கப்போட ஏறுறாங்க. மூடி கிடையாது. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் சட்டையிலயும் ஒரு சொட்டு விழுந்ததில்ல. கேட்டுப் பாருங்க. நான் தொடத்தான் செஞ்சேன். இது கவ்வுது."

கவ்வுது. அதே வார்த்தை. நான் அவரிடம் சொல்லவே இல்லை, சத்தியமாக.

இறங்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டி, "மத்தபடி தங்கமான வண்டி மேடம். சொன்ன பேச்சு கேக்குது. பிரேக் மட்டும்தான் கொஞ்சம் முந்திரிக்கொட்டை," என்றார். சுண்டெலி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு யாரிடமும் பேசாமல் போய்விட்டான்.

ஒன்பதை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து.

மார்ச் 25, புதன்

இன்று கையெழுத்து நாள். கையெழுத்து இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதவி வேறு பிரிவிலிருந்து வருகிற ஒருவருக்கு. மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு நேராகவே சொன்னார்: "நீ வாபஸ் வாங்கினதுக்காக இல்ல. ஏழு வாரம் அலசாம ஓட்டினதுக்கு." வயிறு எரிந்தது. எனக்கு நானே எழுதுவதில் என்ன வெட்கம், நன்றாகவே எரிந்தது. கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனால் சொன்னது நியாயம். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

சுண்டெலி இன்னும் 'ம்', 'இல்ல' என்ற இரண்டு வார்த்தையோடு என்னிடம் குடும்பம் நடத்துகிறான்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் வெள்ளையைக் கிளப்ப ஒயரோடு போனால், சாவியைத் திருப்பியதும் தானாகவே கிளம்பிவிட்டது. முன்மூடியைத் திறந்து பார்த்தேன். புத்தம் புது பேட்டரி. மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கோழிக் கிறுக்கலில்: 'இனி சாக்கு சொல்லாதே.'

பெரியம்மாவின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தவனிடம் போய் நின்றேன். "பார்த்தேன்," என்றேன்.

"ம்," என்றான். பிறகு லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிரேக்குக்குப் புதுசா எழுதிப் போட்டிருக்கேன். ஏறு. பத்து நிமிஷம்தான் தருவேன், அதுக்குள்ள சொல்லணும்," என்றான்.

ஏறினேன். ஆறரை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் எங்கே, எவ்வளவு என்று பத்துக் கேள்வி கேட்டான். அப்பாடா.

மே 14, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளையில் இரண்டு சுற்று, பிறகு பெரியம்மா. வேகத்தடை. தொட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்கிற நேரத்துக்குள் வேகம் குறைந்திருந்தது. எங்கே ஆரம்பித்தாள் என்று கண்டுபிடிக்க மூன்று முறை திரும்பத் திரும்பப் போனேன், கிடைக்கவில்லை. கால் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு. கடைசியில் நிற்கிற இடத்தில் எல்லா வண்டியும் ஒரு சின்ன குலுக்கல் குலுக்கும். இவள் தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி நின்றாள். பிறகு பெரிய தடத்தில் இருநூறிலிருந்து ஓங்கி மிதித்தேன். இரண்டரை டன்னும் மூக்கைத் தாழ்த்தாமல், ஸ்டீயரிங் ஒரு இழைகூட இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நின்றது. கண் கலங்கிவிட்டது. நாற்பத்து நாலு வயதில் ஒரு பிரேக்குக்காக அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னடா செஞ்சே?" என்று கத்தினேன்.

"பெடலோட முதல் மூணு மில்லிமீட்டரை முழுக்க அழிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதினேன். வேன் அண்ணன் வேன்ல ரெண்டு வாரம் அவர் காலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றான் சுண்டெலி, ஏதோ கடைக்குப் போய் வந்த மாதிரி.

எவ்வளவு பெரிய ஆள் இவன்! ஐந்தடிகூட இல்லை.

ஜூன் 12, வெள்ளி

கையெழுத்து ஆயிற்று.

மார்க் தாளில் இப்போது ஒரு புதுக் கட்டம் இருக்கிறது. 'முதல் பத்து நிமிடம்' என்று மேடமே எழுதிச் சேர்த்தது. அதை நிரப்புவது வேன் அண்ணன். எண்ணெல்லாம் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, குண்டு குண்டாக எழுதியிருந்தார்: 'டீ சிந்தவில்லை.' பழைய வெள்ளைச் சட்டையைத்தான் மேடம் இன்று போட்டிருந்தார், கறையோடு. வேண்டுமென்றேதான்.

என் முறை வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். சுண்டெலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது என்று எழுதினேன். அதே எண்தான், மார்ச் மாதம் எழுதியதும் இதே எண்தான். மேடம் தாளை வாங்கி, "வெள்ளையில போனியா?" என்று கேட்டார். "ரெண்டு சுத்து," என்றேன். வேறு எதுவும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நம்ம சின்ன வண்டியில் வந்து, டீச்சர் ஸ்கூட்டருக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினேன். டீச்சர் பால்கனியிலிருந்து கை தட்டினார், கொழுப்பைப் பார்.

சாப்பிட்டதும் எடை மெஷினைச் சுவரோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். மகள் குனிந்து படித்தாள்.

"மூணு புள்ளி ஒன்பது ம்மா. நாலுன்னே வெச்சுக்கலாம்."

வைத்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு வெள்ளையில் மூன்று சுற்று.